பன்னீர்க்குடம் உடைந்த நேரம்

பதுளை
2024 பெப்ரவரி 12

விஜயலெட்சுமிக்கு,

நான் பர்ஸானா, வெள்ளோடைத் தோட்டத்துக்கு வரும் குடும்பநல மாது. உங்கள் போன் இலக்கம் இப்போது வேலை செய்வதில்லை. போன கிழமை உங்கள் லய வீட்டுக்குப் போய் உங்கள் கணவர் துஷாந்திடம் கேட்டேன். நீங்கள் வீட்டு வேலைக்குப் போய்விட்டதாகச் சொல்லி, வத்தளை முகவரியை என் கொப்பியில் எழுதித் தந்தார். உங்கள் மாமி இராக்கம்மா உள்ளே அடுப்படியில் இருந்தார். வெளியே வரவில்லை.

பிள்ளை இரண்டு நாள்தான் இருந்தது. அது எனக்குத் தெரியும். எழுத வந்த காரியம் வேறு.

ஒரு வயதுக்குள் இறக்கும் ஒவ்வொரு குழந்தைக்காகவும் எங்கள் பணிமனையில் விசாரணை வைப்பார்கள். யாரையும் தண்டிப்பதற்காக அல்ல, அடுத்த பிள்ளை அதே மாதிரிச் சாகாமல் இருப்பதற்காக. உங்கள் மகனுக்கான விசாரணை மார்ச் 27, புதன்கிழமை காலை பத்து மணிக்கு. வர முடிந்தால் வாருங்கள். முடியாவிட்டால் இத்துடன் வைத்திருக்கும் தாளில் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புங்கள். பன்னீர்க்குடம் உடைந்த நாளும் நேரமும் என்ன, காய்ச்சல் எப்போது தொடங்கியது, தண்ணீர் கசிந்ததை யாரிடம் சொன்னீர்கள் என்பவையே அவை.

ஆஸ்பத்திரிக் குறிப்பில், பிறக்கும்போதே பிள்ளைக்கு நிமோனியா இருந்தது, பன்னீர்க்குடம் பல நாட்களுக்கு முன்பே உடைந்திருக்கலாம் என்று இருக்கிறது. உங்கள் கர்ப்பிணி அட்டையின் என் பிரதியில், டிசம்பர் 7ஆம் திகதிக்கு நேரே "நீர்க்கசிவு இல்லை" என்று இருக்கிறது. இரண்டும் பொருந்தவில்லை. அதனால்தான் கேட்கிறார்கள்.

இரும்புச்சத்துக் குளிசையை நிறுத்த வேண்டாம். பிரசவத்துக்குப் பிறகு உங்களை யாரும் பரிசோதிக்கவில்லை. பக்கத்தில் கிளினிக் எங்கே என்று வீட்டு அம்மாவிடம் கேளுங்கள்.

இப்படிக்கு,
எம். பர்ஸானா


வத்தளை
2024 பெப்ரவரி 24

மிஸ்ஸுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஆறு நாள் ஆகிறது. இந்த வீட்டு அம்மா உறையைப் பிரிக்காமல்தான் தந்தார். யாரிடமிருந்து என்று கேட்டார். சுகாதாரப் பணிமனை என்றேன். எனக்கு ஏதோ தொற்றுநோய் என்று பயந்து, இரண்டு நாள் பிள்ளைகளைக் குளிப்பாட்ட விடவில்லை. பிறகு அவரே மறந்துவிட்டார்.

போனை நான்தான் நிறுத்தினேன். லயத்திலிருந்து ஒவ்வொருவராக எடுத்து ஆறுதல் சொல்வார்கள். ஆறுதல் முடிகிற இடத்தில் எல்லோரும் ஒரே கேள்விக்கு வருவார்கள். "மழையில ஏன் புள்ள வேலைக்குப் போன?"

மாமி சொல்லும் காரணம் குளிர். நான் நனைந்துகொண்டே நின்றதால் குளிர் வயிற்றில் இறங்கி, பிள்ளையின் நெஞ்சில் சளியாகக் கட்டிவிட்டதாம். எட்டாம் மாதம் முழுக்க அவரும் நானும் பக்கத்துப் பக்கத்து நிரையில் நின்றுதான் கொழுந்து பறித்தோம். அப்போது அவர் குளிரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

துஷாந்த் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை. சாப்பிட்ட கோப்பையை அவரே கழுவி வைக்கத் தொடங்கினார். எனக்கு ஓய்வு கொடுக்கிறாரா, நான் தொட வேண்டாம் என்று நினைக்கிறாரா என்று தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளப் பயந்துதான் இங்கே வந்தேன்.

உங்களுடைய மூன்றாவது கேள்விக்கு நான் உங்களிடம்தான் பதில் கேட்க வேண்டும்.

டிசம்பர் 5, செவ்வாய்க்கிழமையிலிருந்து எனக்கு ஈரம் இருந்தது. மலையில் நிற்பவளுக்கு ஈரம் எங்கிருந்து வருகிறது என்று எப்படித் தெரியும் மிஸ்? காலையில் தேயிலைச் செடியெல்லாம் தண்ணீர். இடுப்பில் பிளாஸ்டிக் படங்கைச் சுற்றிக் கட்டினாலும் கொஞ்ச நேரத்தில் உள்பாவாடை வரை நனைந்துவிடும். எங்கள் நிரையில் யாருக்கும் அந்த மாதம் காய்ந்த துணி கிடையாது. ஆனால் நான் வீட்டுக்கு வந்து, உடுப்பு மாற்றி, அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பிறகும் நனைந்தது. வலி இல்லை, நிறம் இல்லை. அதனால் உங்களைக் கண்டால் சொல்ல வேண்டும் என்று இருந்தேன்.

வியாழக்கிழமை பகல், கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு வெளியே நீங்கள் குடையோடு நின்றீர்கள். நான் கிட்டே வந்து சொன்னேன். "மிஸ், ரெண்டு நாளா எனக்கு ஈரமாவே இருக்கு. துணி மாத்துனாலும் நனையுது."

நீங்கள் என் படங்கைப் பார்த்தீர்கள். "இந்த மழையில மலையில நின்டா நனையாம வேறென்ன பிள்ள. போய் காய்ஞ்ச உடுப்பு உடுங்க."

மாமி பின்னால் நின்றார். "மிஸ், இவளுக்கு மட்டும் தனியா மழ பெய்யுதாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தராசில் நின்ற கணபதி கங்காணியும் சிரித்தார். நானும் சிரித்தேன். மறுநாள் காய்ச்சல் வந்தது. சனிக்கிழமை பிள்ளை பிறந்தது.

இது நடந்ததா மிஸ்? மாமி இல்லை என்கிறார். "நீ யாருகிட்டயும் வாயே தொறக்கல" என்கிறார். அதைக் கேட்டுக் கேட்டு, செத்த பிள்ளைக்குப் பிறகு நானாகக் கட்டிய கதையோ என்று எனக்கே வருகிறது. நீங்கள் ஆம் என்றால் ஆம். போனில் கேட்டால் அப்புறம் பேசுவதாகச் சொல்லி வைத்துவிடுவீர்கள். எனக்கு எழுத்தில் வேண்டும்.

விஜயலெட்சுமி


பதுளை
2024 மார்ச் 5

விஜயலெட்சுமிக்கு,

குளிர் என்ற பேச்சை முதலில் விட்டுவிடுங்கள். அது உண்மையல்ல. வயிற்றில் இருக்கும் பிள்ளையைச் சுற்றித் தண்ணீர் இருக்கும். மூச்சுவிடப் பழகுவதற்காக அந்தத் தண்ணீரைப் பிள்ளை நெஞ்சுக்குள் இழுத்து இழுத்து வெளியே விடும். குடம் உடைந்து நாட்கணக்கில் கசிந்தால் கீழேயிருந்து கிருமி உள்ளே ஏறும். அந்தத் தண்ணீரையே பிள்ளை இழுக்கும். பிறந்து முதல் மூச்சை எடுக்கும்போதே நெஞ்சில் நோய் இருக்கும். உங்கள் மகனுக்கு நடந்தது அதுதான். மழையில் நிற்காத பெண்ணுக்கும் நடக்கும், வெயில் காலத்திலும் நடக்கும். நீங்கள் மலைக்குப் போனதால் இது வரவில்லை. இதை இராக்கம்மாவுக்கும் லயத்தில் மற்றவர்களுக்கும் நானே நேரில் போய்ச் சொல்கிறேன்.

நேரத்தோடு தெரியவந்தால் தாய்க்கு ஊசிமருந்து தொடங்குவார்கள். அப்படிச் செய்திருந்தால் உங்கள் மகன் தப்பியிருப்பானா என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

7ஆம் திகதி பற்றி. அன்று நான் வெள்ளோடைக்கு வந்தது உண்மை. மடுவத்துப் பக்கம் நின்றதும் உண்மையாக இருக்கலாம். அன்று இருபத்திரண்டு பேரைப் பார்த்திருக்கிறேன். வழியில் கண்டு பேசியவர்கள் வேறு. நீங்கள் எழுதியிருப்பதுபோல் ஒரு பேச்சு நடந்ததாக எனக்கு நினைவில்லை. நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. நினைவில்லை என்றுதான் சொல்கிறேன். இருபத்தாறு வருடமாக இந்த வேலையைச் செய்கிறேன், எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்க முடிவதில்லை.

தாளை மறக்காமல் நிரப்பி அனுப்புங்கள்.

எம். பர்ஸானா


வத்தளை
2024 மார்ச் 13

மிஸ்ஸுக்கு,

குளிர் காரணமில்லை என்று எழுதியதற்கு நன்றி. உங்கள் முதல் பக்கத்தை நாலைந்து தடவை படித்தேன். தண்ணீரை நெஞ்சுக்குள் இழுத்திருப்பான் என்பது எனக்குத் தெரியாது. வயிற்றுக்குள் அவன் சும்மா தூங்குகிறான் என்று நினைத்திருந்தேன்.

மற்றப் பக்கத்தை ஒரு தடவைதான் படித்தேன்.

நினைவில்லை என்றால் நான் என்ன செய்ய முடியும்? மாமி இல்லை என்கிறார், இங்கே வருமுன் கேட்டபோது கங்காணி மறந்துவிட்டது என்றார், உங்களுக்கு நினைவில்லை. என் ஒருத்திக்கு மட்டும் நினைவிருக்கிறது என்றால் என் தலையில்தான் ஏதோ பிழை. உங்களோடு சண்டை போட எனக்குப் பலம் இல்லை. பெரிய ஆட்கள் உட்காரும் இடத்தில் வந்து நின்று, சொன்னேன் சொன்னேன் என்று சொல்லவும் முடியாது.

தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். முதல் இரண்டு கேள்விக்கும் "தெரியாது" என்று எழுதினேன். மூன்றாவதற்கு "யாரிடமும் சொல்லவில்லை" என்று எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறேன். இனி உங்கள் அட்டையும் என் தாளும் பொருந்தும்.

கிளினிக்குக்குப் போகவில்லை. பிள்ளை எங்கே என்று கேட்பார்கள்.

விஜயலெட்சுமி


பதுளை
2024 மார்ச் 29

விஜயா,

உங்கள் தாள் 18ஆம் திகதி கிடைத்தது. ஒன்பது நாள் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். அதை மேசையில் வைத்திருந்தால் விசாரணை கால் மணித்தியாலத்தில் முடிந்திருக்கும், எனக்கு ஒன்றும் நடந்திருக்காது. அதைத் தெரிந்துகொண்டுதான் அனுப்பினீர்களோ என்று உங்கள்மேல் கோபம்கூட வந்தது.

எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது. நீங்கள் எழுதியதைவிட அதிகமாக நினைவிருக்கிறது. மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகுதான் நீங்கள் சிரித்தீர்கள். சிரிக்கும்போது ஒரு கையால் படங்கை முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டீர்கள். அதைக் கண்டேன். கண்டுவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன். இரண்டரை பஸ்ஸை விட்டால் நாலரைக்குத்தான் அடுத்தது. எனக்கும் காலெல்லாம் நனைந்திருந்தது. இதைவிடப் பெரிய காரணம் இருக்கும் என்று நான் தேடிப் பார்த்தேன். இல்லை.

தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவுக்குள் உங்களைக் கூட்டிப் போய், காய்ந்த துணி ஒன்றை வைக்கச் சொல்லி ஒரு மணித்தியாலம் உட்கார வைத்திருந்தால் போதும். துணி நனைந்தால் அம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

"நீர்க்கசிவு இல்லை" என்று அட்டையில் எழுதியது 7ஆம் திகதி அல்ல. அன்றைக்கு நேரே நான் எதுவுமே எழுதியிருக்கவில்லை, வரி வெறுமையாக இருந்தது. 11ஆம் திகதி, பிள்ளை இறந்ததாக ஆஸ்பத்திரியிலிருந்து சொன்ன பிறகு, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து எழுதினேன். என் மகள் இஸ்ரா எதிரில் இருந்து பாடம் படித்துக்கொண்டிருந்தாள். நான் அட்டைக்கு மேல் பேனையைப் பிடித்துக்கொண்டு கனநேரம் இருந்திருக்க வேண்டும். "என்ன உம்மா, பேனை எழுதல்லயா?" என்று தன்னுடையதை நீட்டினாள். அவளுடைய பேனையால்தான் எழுதினேன்.

27ஆம் திகதி எங்கள் டொக்டர், ஆஸ்பத்திரியின் பிள்ளை டொக்டர், தாதி ஒருவர், நான், இவ்வளவு பேர்தான் மேசையில். இராக்கம்மாவும் துஷாந்தும் கதவோரத்து வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். தாயின் பதில் வந்ததா என்று டொக்டர் கேட்டார். தாள் மடியில் இருந்த பைக்குள் இருந்தது. நான் எழும்பி நின்றேன். எழும்பத் தேவையே இல்லை.

"தாய் சொன்னவ டொக்டர். எனக்குத்தான் சொன்னவ. நான் பாக்கல்ல. அட்டையில இருக்கிறது நான் பிறகு எழுதினது."

ஏன் இப்போது சொல்கிறீர்கள் என்று கேட்டார். நோன்பு நாள் என்பதால் மனம் மாறிவிட்டது என்று வீட்டில் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நினைவில்லை என்று உங்களுக்கு எழுதிய நாளிலும் நான் ஐந்து நேரமும் தொழுதவள்தான். நீங்கள் என்னைத் திட்டி எழுதியிருந்தால் நான் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்.

வெளியே வராந்தாவில் இராக்கம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "இப்ப சொல்லி என்னாங்க மிஸ், புள்ள வந்துருமா?" என்றார். பிறகு சத்தமில்லாமல் கேட்டார். "நாங்க எல்லாருந்தானே சிரிச்சோம். அத ஏன் நீங்க சொல்லல?" துஷாந்த் பக்கத்தில் நின்றார். எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, தாயை அங்கேயே விட்டுவிட்டு, தனியாக பஸ் நிலையத்துப் பக்கம் நடந்து போனார்.

நேற்றிலிருந்து என்னைத் தோட்ட வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஒழுக்காற்று விசாரணை முடியும்வரை பணிமனையில் கோப்புகளோடு இருக்க வேண்டும். அது நியாயம்தான்.

உங்கள் தாளைத் திருப்பி அனுப்புகிறேன். மன்னிப்பைப் பற்றி ஒரு வரி எழுதி, வெட்டி, மறுபடி எழுதி வெட்டினேன். நீங்கள் கேட்டது அதை அல்ல. நீங்கள் கேட்டதற்குப் பதில், ஆம். நீங்கள் என்னிடம் சொன்னீர்கள்.

பர்ஸானா


வத்தளை
2024 ஏப்ரல் 8

மிஸ்ஸுக்கு,

கடிதம் வியாழக்கிழமை வந்தது.

உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். அட்டையில் எழுதியதைவிட, நினைவில்லை என்று எழுதினீர்களே, அதற்குத்தான் அதிகம். அந்தக் கடிதத்துக்குப் பிறகு இந்த வீட்டில் அடுப்பை அணைத்தேனா இல்லையா என்பதில்கூட எனக்கு நம்பிக்கை இல்லாமல் போனது. திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பேன். உங்கள் வேலை விஷயத்தில் எனக்குச் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்களுக்குப் பதிலாக வரும் மிஸ்ஸிடம், வயிற்றுப்பிள்ளைக்காரிகளை ரோட்டில் நிற்க வைத்து விசாரிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்கச் சொல்லுங்கள். கங்காணி நிற்கிற இடத்தில் அப்படி ஒரு வார்த்தையை ஒரு தடவை சொல்லவே எனக்குப் பெரும் பாடாக இருந்தது. சிரிப்பு வந்த பிறகு மறுபடி சொல்ல முடியவில்லை.

தாளை நான் கிழிக்கவில்லை. முன்பு எழுதியதை வெட்டி, செவ்வாய்க்கிழமை என்றும், வெள்ளிக்கிழமை காய்ச்சல் என்றும், உங்கள் பெயரையும் எழுதியிருக்கிறேன். கோப்பில் வையுங்கள்.

வியாழக்கிழமை உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, இந்த வீட்டுப் பிள்ளைகளின் உடுப்பை மடித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அழுகை வந்தது. வீட்டு அம்மா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். எனக்கே ஆச்சரியம். நான்கு மாதமாக நான் அவனுக்காக அழவே இல்லை மிஸ். சொன்னேனா, சொல்லவில்லையா, என்னால்தானா, இல்லையா என்று இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவனை நினைக்க இடமே இருக்கவில்லை. நீங்கள் ஆம் என்று எழுதிய பிறகுதான் அவன் முகம் வந்தது.

பிறந்தவுடன் அவன் மற்றப் பிள்ளைகள் மாதிரிக் கத்தவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு முனகல். பாரம் தூக்குகிறவர்கள் முனகுவார்களே, அந்த மாதிரி. உதடு நீலமாக இருந்தது. மடியில் தரவே இல்லை. மறுநாள் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தார்கள். மூச்சு எடுக்கும்போது விலாவெல்லாம் உள்ளே போகும். அவன் நெஞ்சு ஏறி இறங்குவதையே நான் எண்ணிக்கொண்டிருந்தேன். நான் எண்ணுவதை நிறுத்தினால் அவனும் நிறுத்திவிடுவான் என்று நினைத்தேன். ஒரு தாதி வந்து, கையைக் கழுவிக்கொண்டு உள்ளே ஒரு விரலை விடுங்கள் என்றார். விட்டேன். பிடித்தான்.

துஷாந்த் நேற்று இங்கே வந்தார். பதுளையிலிருந்து ரயிலில் வந்து, விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறார். வீட்டு அம்மா அரை மணித்தியாலம் தந்தார். கேட்டுக்கு வெளியே நின்று பேசினோம். "மிஸ் சொன்னாங்க" என்றார். "நா கேட்ருக்கணும். கேக்கப் பயமா இருந்துச்சு" என்றார். வருஷப் பிறப்புக்கு வீட்டுக்கு வரச் சொல்லிக் கேட்டார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

பிள்ளையை அவர் உயிரோடு பார்க்கவில்லை மிஸ். தாயை மட்டும்தான் அந்த அறைக்குள் விட்டார்கள். பிறகு துணியில் சுற்றித்தான் அவர் கையில் கொடுத்தார்கள், அவர் துணியை விலக்கவில்லை. அது எனக்குத் தெரியும், ஆனால் அவன் எப்படி இருந்தான் என்று நான் அவருக்குச் சொன்னதே இல்லை. நேற்றுச் சொன்னேன். முடி நிறைய இருந்தது, நெற்றிவரைக்கும் இருந்தது என்றேன். விரலைப் பிடித்ததைச் சொன்னேன். இடது காது மேல் நுனியில் மடிந்திருந்தது, உங்களுக்கு இருப்பது போலவே என்றேன்.

அவர் கையைத் தூக்கித் தன் காதைத் தொட்டுப் பார்த்தார். வீட்டு அம்மா உள்ளேயிருந்து கூப்பிடும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

விஜயலெட்சுமி